மாலை நேரக் கரண்ட்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா, இங்கே நாங்கள் சுகம், அதாவது இந்த வாரம் சுகம்.

நீ மாற்றிக் கொடுத்த கரண்ட் திட்டத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். பகலில் மலிவு, சாயந்திரம் ஆறிலிருந்து பத்து வரை விலை அதிகம் என்று நீ சொன்னது எனக்குப் புரிந்ததோ இல்லையோ, உன் அப்பாவுக்கு நன்றாகவே புரிந்துவிட்டது. கரண்ட் ஆபீஸையே குத்தகைக்கு எடுத்தவர் போல வீட்டில் உத்தரவு போட ஆரம்பித்தார். விடியற்காலையில் வாஷிங் மெஷின் ஓடி, கீழ்வீட்டு டீச்சரம்மா தூக்கம் கெட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பில் குறைந்தது உண்மைதான், அதனால் நானும் வாயை மூடிக்கொண்டேன். பில் கட்டுகிற நீயும் உன் போனில் மணிவாரியாகக் கரண்ட் செலவைக் காட்டும் கோட்டைப் பார்த்துவிட்டு, "சாயந்திரம் கோடு தரையோட கிடக்கே, கலக்குறீங்கப்பா" என்றாய். அன்றைக்கு அவருக்குத் தலைகால் புரியவில்லை.

போன செவ்வாய் தையல் வகுப்பு சீக்கிரம் முடிந்து திரும்பினேன். கூடத்தில் விளக்கில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்கு உதடு நீலம் பாரித்திருந்தது. டாக்டர் நிறுத்தவே கூடாது என்று சொன்ன ஆக்சிஜன் மெஷின் பக்கத்திலேயே இருக்கிறது, பிளக்கைப் பிடுங்கி ஒயரை அழகாகச் சுற்றி வைத்திருக்கிறார். ஓடிப்போய்ப் பிளக்கைச் சொருகி, குழாயை மூக்கில் மாட்டி, பேச்சு வந்ததும் கேட்டால், "பத்து மணிக்கு மேல மலிவாச்சே, பாவம் அவதானே கட்டுறா, அதுவரைக்கும் தாங்கிக்கலாம்னு பாத்தேன்" என்கிறார். நான் வகுப்புக்குப் போன சாயந்திரமெல்லாம் இதுதான் நடந்திருக்கிறது, நான் திரும்பும் நேரத்துக்குள் மறுபடி மாட்டிக்கொள்வாராம். கத்தினேன், அப்புறம் அழுதுவிட்டேன். டாக்டரிடம் காட்டியாயிற்று, பயப்படாதே.

உன்மேல் ஒரு தப்பும் இல்லை கண்ணு, நல்லதுக்குத்தான் செய்தாய். எல்லா நேரமும் ஒரே விலை என்ற பழைய திட்டத்துக்கே மாற்றச் சொல்லிவிட்டேன், உன்னைக் கேட்கவில்லை. பில் கூடத்தான் வரும், வரட்டும். விலை ஏறும் நேரம் என்று ஒன்று இருக்கும்வரை இந்த மனிதர் மூச்சைக்கூடக் கணக்குப் பார்த்துத்தான் விடுவார்.

நேரத்துக்குச் சாப்பிட்டு, இரண்டு பேரும் மனசு ஒத்து நன்றாக இருங்கள், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே, சாயந்திரங்களில் அப்பாவுக்குப் போன் பண்ணு. உடம்பு எப்படி என்று கேட்காதே, நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வார். அவர் பேச்சுக்குப் பின்னால் மெஷின் சத்தம் கேட்கிறதா என்று மட்டும் கவனி.

உன் அம்மா