டீக்கு முன்னால் அரை மணி நேரம்

டாக்டரம்மா,

அத்தை டீ போடுகிறார். இஞ்சி வாசனை தையல் மிஷின் வரைக்கும் வந்துவிட்டது. மாத்திரையை இப்போதுதான் விழுங்கினேன். அரை மணி ஆகாமல் டீயைத் தொடக்கூடாது என்பது நீங்கள் போட்ட சட்டம். நீங்கள் தவறிப்போன சேதி நேற்று வந்தது. அழுகை வரவில்லை. காத்திருக்கிற நேரத்தில் எழுதுகிறேன்.

நீங்கள் ஏழாயிரம்பண்ணைக்கு வந்தது, தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் அடைத்திருந்த நாட்களில். ரிட்டயர் ஆன பிறகும் வீட்டில் உட்காரப் பிடிக்காமல், விருதுநகரில் பஸ் ஏறி, ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். வெடிமருந்துத் தூசி படுகிற பெண்களுக்குத் தைராய்டு மந்தமாகிறதா என்று பார்க்க வேண்டும் என்றீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க, அந்த வேலைக்குப் போகாத பெண்களின் ரத்தமும் வேண்டுமாம். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களுக்கு எங்கே போவது?

அத்தைதான் வாயைத் திறந்தார். "வெடி வேலைக்குப் போகாதவ எங்க வீட்டுலயே ஒருத்தி இருக்கா. தையல் மிஷின்மேல தலைய வச்சுத் தூங்கிக்கிட்டு இருப்பா. கூட்டியாரவா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். தூங்குமூஞ்சி என்பதுதான் அப்போது எனக்குப் பெயர். தீபாவளி ஆர்டர் ஜாக்கெட்டுகள் பாதி தைக்காமல் கிடந்தன. பொங்கல் கழிந்ததும் என்னை அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்லியிருந்தார் அத்தை. என் வீட்டுக்காரர் மறுத்துப் பேசவில்லை. போய் என்ன செய்வது என்று யோசிக்கக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

கோயில் மண்டபத்தில் ஊசிக்குப் பயந்து நின்றவர்களுக்குத் தேரைக் கதை சொன்னீர்கள். நீங்கள் மதுரை ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த காலத்தில் ஹார்மோனை அளக்க மிஷின் கிடையாது. ஒருத்தி உண்டாகியிருக்கிறாளா என்று பார்க்க, அவள் சிறுநீரை ஆண் தேரைக்கு ஊசியில் ஏற்றுவீர்களாம். பிறகு தேரை ஒன்றுக்குப் போக மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதில் விந்து தெரிந்தால் இவள் கர்ப்பம். தேரை பிடித்துத் தர ஆள் வராத நாளில் நீங்களே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மழைத் தண்ணீரில் இறங்கித் தேடியிருக்கிறீர்கள்.

"இவ முழுகாம இருந்தா தேரைக்கு என்ன வந்துச்சாம்?" என்றார் அத்தை.

"புருசனுக்கு முந்தி அதுக்குத்தான் தெரியும்" என்றீர்கள். மண்டபமே சிரித்தது.

என் கையைப் பிடித்ததும் உங்கள் சிரிப்பு நின்றது. "இம்புட்டுப் புழுக்கத்துல கை ஏம்மா சில்லுன்னு இருக்கு?"

"சித்திரையிலயும் போர்த்திக்கிட்டுத்தான் படுப்பேன்" என்றேன். ரத்தம் எடுத்த குழாயில் என் பெயரை எழுதி ஐஸ் பெட்டியில் வைத்தீர்கள்.

முடிவு வந்ததும் எங்கள் வீட்டுக்கே வந்தீர்கள். இத்தனை வருசம் வெடிமருந்தில் வேலை பார்த்த அத்தைக்கு ஒன்றும் இல்லை. மந்தம் எனக்குத்தான். "உங்க மருமக சோம்பேறி இல்ல. கழுத்துல ஒரு சுரப்பி வேலை செய்யல. அது திட்டுனா எந்திரிக்காது, மாத்திரை கொடுத்தா எந்திரிக்கும்" என்றீர்கள். நான் தேம்பித் தேம்பி அழுதேன். அத்தை உள்ளே போய் டீ போட்டார். அதற்குப் பிறகு அம்மா வீட்டுப் பேச்சு எடுபடவேயில்லை.

மாத்திரை அளவைப் பார்க்க விருதுநகர் வந்தபோது, ஆராய்ச்சி என்னவாயிற்று என்று கேட்டேன். இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றீர்கள். ரத்தம் கொடுத்ததே கொஞ்சப் பேர். வெடி வேலைக்குப் போகாதவர்கள் பக்கம் என்னைப் போல ஒருத்தி இருந்தாலே கணக்கு சாய்ந்துவிடுமாம்.

"அப்ப என்னைய எடுத்துற வேண்டியதுதானே?"

"முடிவு தெரிஞ்ச பெறகு ஆளை எடுத்தா அது என் ஆசை. ஆராய்ச்சி இல்ல."

இன்னும் நிறையப் பேரை வைத்துப் பார்க்க வேண்டும் என்றீர்கள். உதவ ஆள் வரவில்லை, முழங்காலும் விடவில்லை. உங்கள் கேள்வி அப்படியே நிற்கிறது. அது எனக்கு வருத்தம்தான்.

ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வருகிறவள் கை சில்லென்று இருந்தால் இப்போது நான் விடுவதில்லை. ரத்தம் பார்க்கச் சொல்லிச் சாத்தூருக்கு அனுப்பிவிடுகிறேன். பாதிப் பேருக்கு ஒன்றும் இருப்பதில்லை. வந்து திட்டுவார்கள், வாங்கிக்கொள்வேன்.

நேற்று சேதி கேட்டதும் அத்தை, "அந்தம்மா வரலேன்னா உன்னைய உங்கம்மா வீட்டுக்கு நானே பஸ் ஏத்தி விட்டிருப்பேன் தாயி" என்றார்.

இப்போது இரண்டு டம்ளரையும் மூடி வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார். எழுந்ததும் டீ குடிக்காவிட்டால் அவருக்குத் தலை வலிக்கும்.

"ஆறிப்போயிரும் அத்தே, நீங்க குடிங்க" என்றேன்.

"அரை மணி ஆவட்டும்" என்கிறார்.