மஞ்சள் மழைக்கோட்டு

என் கண்ணே,

ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் மேசை ஆடுகிறது என்று வைத்துக்கொள்.

அறுந்து விழுந்த கிரேன் கம்பியை மாற்றவிடாமல் தடுத்தது முதலாளிதான் என்று நாளை கோர்ட்டில் சாட்சி சொல்லப்போகிறான் நம் கிரேன்காரன். அதனால் முதலாளியின் ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள். அவன் முகம் தெரியாது அவர்களுக்கு. முதுகில் சிவப்பு ஒட்டுப்போட்ட அவன் மஞ்சள் மழைக்கோட்டுதான் அடையாளம்.

ஆலயத்தில் கர்த்தர் முன்னால் அவனும் நானும் ஒருவருக்காக ஒருவர் நிற்போம் என்று உடன்படிக்கை செய்துகொண்டபோது, "என்ன, ரெண்டு பேருக்கும் கல்யாணமா?" என்று கேட்டாயே. அந்த உடன்படிக்கையில் ஒரு வார்த்தையைக்கூட என்னால் மாற்ற முடியவில்லை.

கோட்டை மாற்றிக்கொள்வோம் என்றதும், "வேணாம்டா, உனக்குக் குடும்பம் இருக்கு" என்றான்.

"உனக்கு இல்லையா? கழட்டுடா" என்றேன்.

என் கறுப்புக் கோட்டில் அவன் பின்பக்கமாக லாரியில் போய்விட்டான். ஷிப்ட் முடிந்தும் மஞ்சள் கோட்டு வெளியே வராவிட்டால் அவர்கள் லாரியைத் துரத்துவார்கள்.

உயிர் நண்பன் தாவீதுக்குத் தன் சால்வையைக் கழற்றிக் கொடுத்தபோது யோனத்தானின் கை நடுங்கியதா என்று வேதத்தில் இல்லை. பல்லிக்கே கட்டிலில் ஏறுகிறவன் நான். ஜெபிக்க உட்கார்ந்தால் உன் முகம்தான் வருகிறது.

நீ சாப்பிட்டுவிட்டுப் படு. அவன் மனைவியும் பிள்ளையும் வந்தால் ஒன்றும் கேட்காமல் உள்ளே கூப்பிடு.

சங்கு ஊதிவிட்டது. மழை நின்றுவிட்டது, ஆனாலும் மஞ்சள் கோட்டின் தலைமூடியை இழுத்துவிட்டுக்கொண்டுதான் வாசலைத் தாண்ட வேண்டும்.

உன்
பயந்தாங்கொள்ளி