அந்த ஒரு பிரிவு

அன்புள்ள என் எம்.எல்.ஏ. அம்மாவுக்கு,

உன் பல் டாக்டர் புருஷன் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை, எல்லோரும் நலம். போனில் பேசப் பயமாக இருப்பதால் என் கிளினிக் நர்ஸின் அண்ணனிடம் இதைத் தலைநகரத்துக்குக் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

நேற்று நகராட்சித் தலைவர் கடவாய்ப்பல் வலியோடு கிளினிக்குக்கு வந்தார். கன்னம் வீங்கி, பார்க்கவே பாவமாக இருந்தது. மரத்துப்போக ஊசி போட்டேன். அது வேலை செய்வதற்குள், நர்ஸை ஏதோ சாக்குச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டு, நீ சட்டசபையில் கொண்டுவரும் மசோதாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஊருக்கு வேண்டிய வேலையை ஊர் மன்றமே முடிவு செய்யலாம், ஒவ்வொன்றுக்கும் தலைநகரம் போய்க் கைகட்டி நிற்க வேண்டாம் என்று நீ எழுதியிருப்பதை வாயாரப் புகழ்ந்தார். பாதி வாய் மரத்துவிட்டதால் புகழ்ச்சி குழறியது. எனக்குச் சிரிப்புகூட வந்தது. மன்றத் தலைவர் ஆண்டுக்கொருமுறை தெருக்காரர்கள் முன்னால் நின்று, சொன்ன வேலை நடந்ததா என்று பதில் சொல்ல வேண்டும் என்கிற பிரிவுதான் அவருக்கு ஆகவில்லை. அதை மட்டும் எடுத்துவிடும்படி நான் உன்னிடம் சொல்ல வேண்டுமாம்.

உன் வேலையில் நான் தலையிடுவதில்லை என்று மழுப்பினேன். அவர் கோபப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு,

"பாப்பா இப்பல்லாம் நீச்சல் முடிஞ்சு பின்வாசல் வழியாத்தான் வருது போல. அங்க வெளிச்சமே இல்ல டாக்டர், பாத்துக்குங்க" என்றார்.

நம் பெண் பின்வாசலில் வருவது எனக்கே தெரியாது. பிறகு அவர் சமர்த்தாக வாயைத் திறந்தார். வேலையை முடித்தேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மற்ற நோயாளிகளை அனுப்பிவிட்டு நீச்சல் குளத்துக்கு ஓடினேன். பின்வாசலில் ஒரு வெள்ளைக் கார். பாப்பா வெளியே வந்ததும் அதன் முகப்பு விளக்கு எரிந்தது. யாரும் இறங்கவில்லை. இவள் அந்தப் பக்கம் பார்த்துக் கையசைக்கிறாள்.

"அந்த அண்ணன் தினமும் லைட் போட்டுக் காட்டுவாருப்பா. ரொம்ப நல்லவரு" என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு முன்வாசல் பக்கம் நடந்தேன்.

இன்ஸ்பெக்டரிடம் போனேன். விளக்குப் போட்டது ஒரு குற்றமா என்று கேட்டார். விசாரிப்பதாகச் சொன்னார். ஆனால் காரின் நம்பரைக் கேட்கவில்லை, உன் மசோதாவுக்கு ஓட்டெடுப்பு என்றைக்கு என்றுதான் கேட்டார்.

பாப்பாவை என் அக்கா வீட்டில் விட்டிருக்கிறேன். குளத்தில் பராமரிப்பு வேலை நடக்கிறது என்று அவளிடம் சொன்னேன், நம்பிவிட்டாள். அக்கா நம்பவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.

இன்று காலை நம் பக்கத்துத் தெரு தையல்காரம்மா பல்லைக் காட்ட வந்தார். அவர் தெருவில் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளம் இரண்டு மழைக்காலமாக மூடப்படாமல் கிடக்கிறதல்லவா? அம்மா திங்கட்கிழமை சட்டசபையில் பேசுகிறார்களா, யாராவது ஒருத்தர் எங்கள் எதிரில் வந்து நிற்கப் போகிறார்களா என்று கேட்டார். தலையாட்டினேன்.

அந்தப் பிரிவை எடுத்துவிடு என்று நான் கேட்டால் நீ எடுத்துவிடுவாய். எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று நான் நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு தடவை வந்து குழந்தையைப் பார்த்துவிட்டுப் போ. அப்புறம் உன் மனசுப்படி செய்.

தனியாக வராதே.

உன்னவன்