மணல்மேட்டில் காளான் இல்லை

தார்த்து, எஸ்தோனியா,
செப்டம்பர் கடைசி வாரம்.

டாக்டர் தார்மோ அவர்களுக்கு,

லேலோ எழுதுவது. படிப்பு முடிந்த நாளிலிருந்து ஒரே மேசையில் வேலை பார்த்தவனுக்கு ‘நீங்கள்’ போட்டு எழுதக் கை வரவில்லை. நீ என்றே எழுதுகிறேன். மரியாதைக் குறைவாகத் தோன்றினால் அப்படியே வைத்துக்கொள்.

உன் மின்னஞ்சல் வந்தது. தாய்நாடு திரும்பும் விஞ்ஞானிகளுக்கான நிதி உனக்குக் கிடைத்துவிட்டதாம். ஆஸ்பத்திரிக் கிருமியைக் கொல்லும் நம் காளானை வைத்து மூன்று வருட ஆராய்ச்சியாம். கோடையில் மாணவர்களோடு வந்து ஏரிக்கரை மணல்மேட்டைச் சல்லடை போட்டுச் சலித்தும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லையாம். சரியான இடத்தைக் காட்டினால் நன்றி மறக்கமாட்டாயாம். தார்த்து வழியாகத்தானே போயிருப்பாய்? அப்போது எட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. பொய் சொல்வானேன், நீ வெறுங்கையோடு திரும்பியது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்த மணலில் பைன் மரத்தைத் தவிர வேறென்ன உண்டு? நம் காளான் விழுந்து கிடக்கும் கிழட்டு ஆஸ்பென் மரத்தில்தான் முளைக்கும் என்று முதல் வருட மாணவனுக்கே தெரியும். நான் என்றோ சொன்ன இடத்தை, சூரிக்கில் உட்கார்ந்தபடி, ஒரு நடை வந்து பார்க்காமலே விண்ணப்பத்தில் எழுதிவிட்டாய். எஸ்தோனியனாகப் பிறந்துவிட்டு, காளான் இடத்தைக் கேட்டால் ஒருத்தி உண்மையைச் சொல்வாள் என்று நம்பினாயே, உன்னை என்ன சொல்ல? என் அம்மா கூடப்பிறந்த தங்கைக்கே தப்பான காட்டைத்தான் காட்டினாள். “காளான் எடத்தச் சொல்றவ நாளைக்குப் புருஷனையும் தூக்கிக் குடுத்துருவா” என்பாள். நான் உன்னை ஏமாற்றவில்லை. ஊர் வழக்கப்படி நடந்துகொண்டேன்.

நானும்தான் நிதி கேட்டு எழுதினேன், எத்தனையோ முறை. இந்த நாட்டில் நம் துறைக்காரர்கள் மொத்தப் பேரும் ஒரே சவுனா நீராவி அறையில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடலாம். எல்லோரும் மாமன் மச்சான். அதனால் தீர்ப்புச் சொல்ல வெளிநாட்டாரை வைக்கிறார்கள். நான் எழுதியதை அவர்கள் ‘உள்ளூர் விஷயம்’ என்று தள்ளினார்கள். அதே காளான், எந்த மருந்துக்கும் மசியாத அதே ஆஸ்பத்திரிக் கிருமி, சூரிக் முகவரியிலிருந்து போனதும் உலகத் தரமாகிவிட்டது. இக்கரை மாட்டுக்கு அக்கரை பச்சை என்பார்கள். இங்கே அக்கரையில் மேய்ந்துவிட்டு வரும் மாட்டுக்குத்தான் புல்லே வைக்கிறார்கள். உன் விண்ணப்பத்தில் என் பெயர் எந்த மூலையிலும் இல்லை என்றும் கேள்விப்பட்டேன். நீ போன பிறகு அந்தக் காளானைச் சோதனைக்கூடத்தில் குழாய்க்குக் குழாய் மாற்றி உயிரோடு வைத்திருந்தது யார்? இப்போது அதுவும் சோம்பேறியாகிவிட்டது, கிருமியைக் கொல்ல மாட்டேன் என்கிறது. காட்டிலிருந்து புதிதாக எடுத்தால்தான் உண்டு.

அந்தக் காடுதான் போகப்போகிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன், இல்லாவிட்டால் உனக்கு ஒரு தபால்தலைகூடச் செலவழித்திருக்கமாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். ஆஸ்பென் மரங்களிலெல்லாம் வெட்டுவதற்கு அடையாளமாகச் சிவப்புச் சாயம் பூசியிருக்கிறது. காட்டின் சொந்தக்காரர் விற்றுவிட்டார். குளிரில் சதுப்புத் தரை உறைந்து இறுகியதும் இயந்திரத்தை இறக்கி ஒன்று விடாமல் வெட்டப்போகிறார்கள். வேறெங்கும் நான் அந்தக் காளானைப் பார்த்ததில்லை. வனத்துறை அலுவலகத்துக்கு ஓடினேன். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். “பணம் ஒதுக்கி நடக்கிற ஆராய்ச்சின்னா வெட்டுறத நிறுத்தி வைக்கலாம்மா. உங்களுக்குத்தான் ஒண்ணும் வரலையே” என்றார். இந்தக் காளானுக்குப் பணம் ஒதுக்கி நடக்கும் ஆராய்ச்சி நாட்டிலேயே ஒன்றுதான். உன்னுடையது.

ஆகவே இடத்தைக் காட்டுகிறேன். உனக்காக இல்லை. மன்னித்துவிட்டாள் என்று எண்ணிக்கொண்டு பூங்கொத்தோடு வந்து நிற்காதே. இடத்தைத் தாளில் எழுதவும் மாட்டேன். அம்மா வீட்டுக்கு வா, தனியாக வா. நான் முன்னால் நடப்பேன், நீ பின்னால் வா. பேச்சு வேண்டாம்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் இன்று காலை அப்பாவின் ரப்பர் பூட்ஸைக் கழுவி வாசலில் வைத்திருக்கிறாள். உன் கால் அளவுதான். கறுப்பு ரொட்டியும் உப்பிட்ட காளானும் இருக்கும். அதற்கு மேல் உபசாரம் எதிர்பார்க்காதே.

நல்லபடியாக வந்து சேர். தரை உறைவதற்குள் வா. வெட்டுவதை நிறுத்தச் சொல்லி அலுவலகத்துக்கு மட்டும் உண்மையான இடத்தை எழுதிக் கொடு. வேறு யார் கேட்டாலும், உன் மனைவியே கேட்டாலும், ஏரிக்கரை மணல்மேடு என்றே சொல்.

இப்படிக்கு,
லேலோ