எட்டுப் புள்ளி பின்னால் நிற்கும்போது

ஞாயிறு பின்னேரங்களில் என்னோடு சண்டை பிடித்த என் ஆசை அண்ணைக்கு,

நீங்கள் போன பிறகு, ஸ்ரௌவ்வில் ஊரில் உள்ள உங்கள் வீட்டில் ரீவி போடவேயில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று சனம் சாப்பிட்டுக் கலைந்த பிறகு அண்ணிதான் போட்டார். உங்கள் அமெரிக்கன் ஃபுட்போல் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் நிப்பாட்டச் சொல்லவில்லை.

பதினாலு புள்ளி பின்னால் நின்ற அணி பந்தோடு கோட்டைக் கடந்து ஒரு ரச்டவுன் போட்டு ஆறு புள்ளி எடுத்தது. இனி எட்டு வித்தியாசம். அந்த இடத்தில்தானே நமக்குள் சண்டை தொடங்கும்? ரச்டவுனுக்குப் பிறகு கிடைக்கும் மேலதிக வாய்ப்பில் பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து, அநேகமாகத் தப்பாத அந்த ஒரு புள்ளியை எடுக்கவேண்டும் என்பேன் நான். அடுத்த ரச்டவுனோடும் இன்னொரு உதையோடும் சமன் செய்துவிடலாம். நீங்கள் கேட்கமாட்டீர்கள். கோட்டுக்குக் கிட்ட நின்று, பந்தோடு உள்ளே புகுந்து, இரண்டு புள்ளி எடுக்கப் பார்க்கவேண்டும் என்று பிடிவாதமாய் நிற்பீர்கள்.

“சரிவந்தா, அடுத்த ரச்டவுனும் ஒரு உதையும் காணும், வெண்டிடலாம். பிழைச்சா, அடுத்த முறை ரெண்டெடுத்தாலும் சமன்தானே. பிழைக்கிறதெண்டா இப்பவே பிழைக்கட்டும். மிச்ச நேரத்துக்கு என்ன செய்யிறதெண்டாவது தெரியும்,” என்பீர்கள்.

அன்று அந்த அணி உதைத்து ஒன்றை எடுத்தது. நான் சொன்னபடிதான். யாரிடம் போய்ப் பெருமையடிக்க, அண்ணை?

உங்களுக்குத் தெரியும், அண்ணிக்குக் கார் ஓடத் தெரியாது. அங்கே பால் வாங்கவும் கார் வேண்டும். வீட்டை விற்றுவிட்டு ரெக்ஸ்டேலில் தன்னோடு வந்து இருக்கட்டும் என்று அவருடைய அக்கா அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். அண்ணி மெதுவாக, “நான் ஓடப் பழகுறன். லைசென்ஸ் எடுக்க ரோட் ரெஸ்றுக்கு நாள் எடுத்திட்டன்,” என்றார். நீங்கள் வருத்தம் வந்து படுக்கையில் கிடந்த காலத்திலேயே பழகத் தொடங்கிவிட்டாராம். உங்களுக்கு அது தெரியுமா?

“ஒரு வருசத்து ஆட்டைத் திவசம் முடியாமல் புதுசா ஒண்டும் தொடங்கக்கூடாது,” என்றார் அக்கா. நானும் தலையாட்டினேன். “பனிக்காலம் போகட்டும் அண்ணி. இப்ப பிழைச்சா மனம் உடைஞ்சு போவீங்கள்.”

அண்ணி ரீவியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. “பிழைக்கிறதெண்டா பனிக்கு முன்னம் பிழைக்கட்டும் தம்பி. இன்னொருக்காப் போக நேரமிருக்கும். ஆட்டைத் திவசம் வரும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தா அக்கா ஆக்கள் வீட்டை வித்துப்போடுவினம். உம்மட அண்ணை இதை உமக்கு எத்தினை ஞாயிறு சொன்னவர்?”

நம் சண்டை முழுவதையும் குசினிக்குள் சமைத்தபடி நின்று கேட்டிருக்கிறார். நமக்குத்தான் அவர் கேட்பது தெரியவில்லை.

போன கிழமை அண்ணியும் நானும் உங்கள் காரில்தான் ரெஸ்றுக்கு ஒஷாவாவுக்குப் போனோம். ரெஸ்ற் பிழைத்துவிட்டது. ஒரு சந்தியில் திரும்பும்போது தவறான லேனுக்குள் போய்விட்டாராம். கார் நிறுத்துமிடத்தில் நின்று அழுதார், அண்ணை. செத்தவீட்டில்கூட அவர் அப்படி அழவில்லை. எனக்கும் தாங்கமுடியவில்லை. என்ன சொல்லித் தேற்றுவது? நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

வீட்டுக்கு நானே ஓடிவிடலாம் என்று சாரதிப் பக்கக் கதவைத் திறந்தேன். அண்ணி முகத்தைத் துடைத்துவிட்டுக் கையை நீட்டினார்.

“கார்த் திறப்பைத் தாரும். லைசென்ஸ் உள்ள ஆள் பக்கத்தில இருந்தாக் காணுந்தானே. வீட்டுக்கு நான்தான் ஓடுவன். திரும்புறதை இண்டைக்கே சரியாப் பழகவேணும்.”

அன்று ஒவ்வொரு சந்தியிலும் சரியான லேனுக்குத்தான் திரும்பினார்.

பனி விழுவதற்குள் அடுத்த ரெஸ்றுக்கு நாள் எடுத்தாயிற்று. அதுவரை ஒவ்வொரு பின்னேரமும் அவருக்குப் பக்கத்தில் நான் இருப்பேன். அதுவும் பிழைத்தால், இன்னொன்றுக்கு நாள் எடுப்போம். வீடு விற்கும் கதையை யாராவது எடுத்தால், நீங்கள் என்னோடு கதைத்த அதே பிடிவாதத்தோடு நான் அவர்களோடு கதைப்பேன், அண்ணை.

இவ்வளவு பிந்தி உங்கள் பக்கம் வந்துசேர்ந்த
உங்கள் தம்பி