சத்து மாத்திரை

லோயர் கேம்ப்,
12.07.2025, சனிக்கிழமை காலை.

மரியாதைக்குரிய ஜெபஷீலா டீச்சருக்கு, திலீபன் அம்மா பவுனு வணக்கம் சொல்லி எழுதுவது. நீங்களும் சமையல் பார்க்கிற ராஜாத்தியும், இல்லத்தில் இருக்கிற ஒன்பது பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். என் சுகத்தைக் கடைசியில் எழுதுகிறேன். அதற்கு இப்போது அவசரமில்லை.

இதையும் கூட இருக்கிற மருந்துப் பையையும் விஜயபாண்டி கொண்டு வருவார். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், சின்னமனூர் மார்க்கெட்டுக்குத் திராட்சை ஏற்றிப் போகிறவர். மார்க்கையன்கோட்டை வரைக்கும் வந்து உங்கள் கையிலேயே கொடுக்க வேண்டும், வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு வந்தால் என் வாசல்படி ஏறக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். டீச்சர், நின்ற இடத்திலேயே படித்துவிடுங்கள். கையில் இருக்கிற டீ ஆறினால் ஆறட்டும்.

திலீபனுக்கு வலிப்பு உண்டு. ஆறு வயதிலிருந்தே உண்டு. மாதாமாதம் நான் டப்பாவில் போட்டுக் கொடுத்த வெள்ளை மாத்திரை, சத்து மாத்திரை இல்லை. வலிப்பு மாத்திரை. அட்டையோடு கொடுத்தால் பெயரைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவீர்கள் என்று, ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்துப் பழைய டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தது நான்தான். இரண்டு வருஷமாக இந்தத் திருட்டுத்தனம் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று போனில் நீங்கள் சாதாரணமாகத்தான் சொன்னீர்கள். நாகராஜ் ரொம்ப மெலிந்துவிட்டான், கேட்க நாதியில்லாத பிள்ளை, அதனால் திலீபன் டப்பாவிலிருந்து அவனுக்கும் தினம் ஒன்று கொடுத்தோம், அதில்தான் சீக்கிரம் தீர்ந்துவிட்டது, ஆறு நாளாச்சு, சத்து மாத்திரைதானேம்மா, கால் சரியானதும் மெதுவாகக் கொண்டு வாங்க என்றீர்கள். அதைச் சாப்பிட்ட நாளில் நாகராஜ் நன்றாகத் தூங்கினான் என்றும் சொன்னீர்கள். போனில் சார்ஜ் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சார்ஜ் இருந்தது.

ஏன் மறைத்தாய் என்று கேட்பீர்கள். உங்கள் இல்லத்துக்கு வருவதற்கு முன்னால், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இரண்டு இல்லம் ஏறி இறங்கினேன். ஒரு இடத்தில் திலீபனுக்குச் சோறெல்லாம் போட்டு, பிள்ளை தங்கமாக இருக்காப்ல என்று கன்னத்தைக் கிள்ளினாக. வலிப்பு என்று சொன்னதும் முகம் மாறிப்போச்சு. இன்னொரு இடத்தில் வாசலோடு சரி. உங்கள் படிவத்திலும் அந்தக் கேள்வி இருந்தது, ‘வலிப்பு நோய் உண்டா?’ என்று. உள்ளவர்கள் சேர்த்துக்கொள்ளப்பட மாட்டார்கள் என்று கீழேயே பொடி எழுத்தில் போட்டிருந்தது. நான் எட்டாவது வரை படித்தவள், பொடி எழுத்தும் படிக்கத் தெரியும். திலீபன் அப்பா போய்ச் சேர்ந்து வருஷம் ஒன்று ஆகியிருந்தது. நான் குமுளிக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறினால்தான் அடுப்பு எரியும். இருபத்தைந்து வயது ஆம்பளைப் பிள்ளையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் அதுவரை போய்க்கொண்டிருந்தேன். அதை யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன். அதனால் ‘இல்லை’ என்கிற கட்டத்தில் டிக் போட்டேன்.

நாகராஜை இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள் டீச்சர். சீட்டு பையில் இருக்கிறது, தேனி பெரியாஸ்பத்திரிச் சீட்டு. என்ன மாத்திரை, எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். பெற்றவள் இல்லாத பிள்ளைக்கு என்னால் ஒன்று ஆகிவிட்டால் நான் எந்தக் கோயிலில் போய் நிற்பேன்? திலீபனுக்கும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. இந்தத் தடவை அட்டையோடுதான் வைத்திருக்கிறேன்.

வலிப்பு வந்தால் பயப்படாதீர்கள். கையில் சாவியைத் திணிக்க வேண்டாம். என் மாமியார் காலத்திலிருந்து நாங்களும் இரும்பைத்தான் திணித்தோம், வலிப்பு நிற்கவில்லை, விரல்தான் நசுங்கியது. வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் துண்டை மடித்து வைத்து, நேரம் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். அஞ்சு நிமிஷம் தாண்டினால் ஆஸ்பத்திரி. தெளிந்ததும் வெட்கப்படுவான். சுற்றி நின்று பார்க்கக் கூடாது.

நாளை ஞாயிற்றுக்கிழமை. வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்கள், எங்கள் ஊரைத் தாண்டித்தான் அது உங்கள் பக்கம் வருகிறது. ஞாயிறுதோறும் பிள்ளைகளைக் குளிக்கக் கூட்டிப் போகிறீர்கள். சளி பிடிக்கும், அவனை விட்டுவிட்டுப் போங்க என்று எத்தனை தடவை சொன்னேன்! நீங்கள் சிரித்துக்கொண்டே, வெளிக்காத்து படட்டும்மா என்றீர்கள். தண்ணீருக்குள் அவனுக்கு வந்துவிட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். தெரிந்தும் இரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேனே, நான் தாயா? நாளைக்கு அவனைத் தண்ணீரில் இறக்காதீர்கள். ஆனால் வீட்டிலும் அடைக்காதீர்கள். கரையில் உட்கார வைத்து மக்கில் மொண்டு ஊற்றினால் போதும், அதற்கே குதிப்பான்.

போனில் நானே சொல்லிவிடுகிறேன் என்று, என் காலுக்காகப் புருஷன் வீட்டிலிருந்து வந்திருக்கிற என் மகள் ஜோதிகா செல்போனை எடுத்தாள். வேண்டாம் என்றுவிட்டேன். பொய் சொன்னது நான், நான்தான் சொல்ல வேண்டும். படிவத்தில் எழுதிச் சொன்ன பொய், எழுதித்தான் திருத்த வேண்டும். நேற்று வைக்கிறதுக்கு முன்னால் பிள்ளை எப்படி இருக்கான் என்று கேட்டேன். நல்லா இருக்காரு, ஒரு குறையும் இல்லை என்றீர்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் விடிகிற வரை கிடந்தேன்.

கால் மாவுக்கட்டு இன்னும் மூன்று வாரம். என் சுகம் இவ்வளவுதான்.

சட்டப்படி என்ன செய்ய வேண்டுமோ என்னைச் செய்யுங்கள். அவனை மட்டும் அனுப்பிவிடாதீர்கள் டீச்சர். மறுபடியும் கதவைப் பூட்டிவிட்டுப் போக எனக்குத் தெம்பு இல்லை.

இப்படிக்கு,
உங்கள் காலில் விழ முடியாமல் கட்டிலில் கிடக்கும்
பவுனு.

*

மார்க்கையன்கோட்டை,
13.07.2025, ஞாயிறு மாலை.

அன்புள்ள திலீபன் அம்மாவுக்கு, ஜெபஷீலா எழுதுவது. ஆண்டவர் உங்கள் காலுக்குச் சீக்கிரம் சுகம் தரட்டும்.

விஜயபாண்டி அண்ணன் நேற்று பத்து மணிக்கெல்லாம் வந்துவிட்டார். படிக்கிற வரைக்கும் நகர மாட்டேன் என்று கேட்டிலேயே நின்றார். பதினோரு மணிக்கு நாகராஜையும் திலீபனையும் சின்னமனூரில் டாக்டரிடம் கூட்டிப் போனேன். நாகராஜுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்து, பயப்பட ஒன்றும் இல்லை என்றார். பிறகு, பெயர் தெரியாத மாத்திரையை ஒருத்தர் டப்பாவிலிருந்து எடுத்து இன்னொருத்தருக்குக் கொடுத்த ஆள் யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். கம்பவுண்டர் முன்னாலேயே என்னைத் திட்டினார். வாங்கிக்கொண்டேன். திலீபனுக்கு நேற்று இரவே மாத்திரை ஆரம்பித்தாயிற்று. இன்று வாய்க்கால் கரையில் உட்கார வைத்து நானே மக்கில் ஊற்றினேன். போதும் என்று சொல்லவே இல்லை.

உங்கள் கடிதத்தைப் படிக்க ஆரம்பித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. பெற்ற தாயே இப்படி ஏமாற்றினால் நாங்கள் எதை நம்பிப் பிள்ளைகளைப் பார்ப்பது என்று ராஜாத்தியிடம் கத்தினேன். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது, நான் போனில் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு விடிகிற வரை கிடந்ததாக எழுதியிருந்தீர்கள். அதற்கு மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை.

அம்மா, நான் சொன்னது பொய். புதன்கிழமை காலை பல் விளக்கும்போது திலீபன் தொட்டியோரம் விழுந்துவிட்டார். கை கால் வெட்டி இழுத்தது. ராஜாத்தி பயந்துபோய்ச் சாவியைத்தான் கையில் வைத்தாள். நான் தண்ணீர் ஊற்றப் போனேன், நல்லவேளை பல் கிட்டியிருந்தது. இடது புருவத்துக்கு மேலே கிழிந்து நாலு தையல் போட்டிருக்கிறது. இதற்கு முன்னால் வலிப்பு உண்டா என்று டாக்டர் கேட்டதும், உங்கள் படிவத்தை எடுத்துக் காட்டி, இல்லவே இல்லை என்று அடித்துச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை நீங்கள் கேட்டபோது சொல்லியிருக்க வேண்டும். இந்த மாதம் இல்லத்துக்கு அனுமதி புதுப்பிக்கப் பார்வையிட வருகிறார்கள். விழுந்து அடிபட்டது என்று வெளியே போனால் என்ன ஆகுமோ என்று பயந்தேன். போன வருஷம் இப்படித்தான் ஒரு பிள்ளையை வீட்டார் அழைத்துக்கொண்டு போனார்கள். உங்களுக்கு எதற்குப் பயமோ அதே பயம்தான் எனக்கும். விபத்துப் பதிவேட்டில்கூட எழுதாமல் இருந்தேன். நேற்று எழுதிவிட்டேன், மாத்திரை விஷயத்தையும் சேர்த்து. பார்வையிட வருகிறவர்களிடம் நானே காட்டப் போகிறேன்.

படிவத்தில் இருந்த அந்தப் பொடி எழுத்தை எடுத்துவிட்டேன். இல்லத்தின் டிரஸ்டி முகம் சுளித்தார். உண்மையைச் சொன்னால் சேர்க்க மாட்டோம் என்று நாமே எழுதி வைத்துவிட்டு, பொய் சொன்னார்கள் என்று யாரைக் குறை சொல்வது என்று கேட்டேன். புதுப் படிவம் ஒன்றை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். மற்றப் பிள்ளைகள் வீட்டுக்கெல்லாம் போன் செய்து, வலிப்பு உண்டா, பிள்ளையை அனுப்ப மாட்டோம், தைரியமாகச் சொல்லுங்கள் என்று கேட்டேன். இரண்டு பேர், நிஜமாகவே அனுப்ப மாட்டீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஒரு அம்மா அழுதுவிட்டார்.

திலீபனை நாங்கள் அனுப்பப் போவதில்லை. அனுப்பாதீர்கள் என்று நீங்கள் கெஞ்ச வேண்டியதில்லை. இவ்வளவுக்குப் பிறகும் அவரை எங்களிடம் விட்டுவைப்பீர்களா என்று நான்தான் கேட்க வேண்டும்.

கட்டுப் பிரிக்கிற வரை காத்திருக்க வேண்டாம். புதன்கிழமை விஜயபாண்டி அண்ணன் வண்டியிலேயே, காலை நீட்டி உட்கார இடம் போட்டுக் கூட்டிவருவதாகச் சொல்லியிருக்கிறார். வாருங்கள். தையலைப் பாருங்கள். என்னைத் திட்டுங்கள். பிறகு திலீபனைப் பக்கத்தில் உட்கார வைத்து, இங்கன இருக்கியா, அம்மாகூட வாரியா என்று அவரிடமே கேளுங்கள். அவருக்குப் பதில் சொல்ல நேரமாகும், அவசரப்படுத்தாமல் காத்திருப்போம். அவரைச் சேர்த்த அன்றைக்கு நீங்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மன்னிப்பைக் கேட்க நேரில் காத்திருக்கும்
ஜெபஷீலா.