என் விசாவில் உன் முகம்

நேற்று இங்கே குடியிருப்பு அட்டையைப் புதுப்பிப்பதற்காகப் படம் எடுக்கப் போனேன். ரயில் நிலையத்தில் அதற்கென்று ஒரு கூண்டு இருக்கிறது. திரையை இழுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்தால், சிரிக்காதே, நேராகப் பார் என்று ஒரு பெண் குரல் ஜெர்மன் மொழியில் சொல்லும். சொன்னபடியே செய்தேன். வெளியே வந்து காத்திருந்தபோது படம் இளஞ்சூட்டோடு வந்து விழுந்தது. நான்கு கட்டங்களிலும் நீ இருந்தாய். பின்னால் நின்ற கிழவர், "உங்களுடையதுதானே?" என்று கேட்டார். படத்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பயப்படாதே, புத்தி ஒன்றும் பேதலித்துவிடவில்லை. நாம் அக்காள் தங்கை மக்கள். நான்கு மாதம் மூத்தவள் நீ. சிறுவயதில் குளச்சலில் நம்மை மாற்றிக் கூப்பிடாதவர்கள் யார்? நீ வாயாடி, நான் வாயைத் திறக்காதவள். பேசினால்தான் யார் யாரென்று தெரியும். விசாப் படத்தில் பேச முடியாதே. அங்கேதான் வந்தது வினை.

இங்கே படிக்க வருவதற்காக நாம் இருவரும் விசாப் படம் எடுக்கப் போனபோது, ஸ்டூடியோக்காரரிடம் இருந்தது ஒரே ஒரு கருப்புக் கோட்டு. முதலில் நீ போட்டாய். தொளதொளவென்று இருந்ததால் முதுகுப் பக்கம் துணி காயப்போடும் கிளிப்பை மாட்டி இறுக்கினார். பிறகு அதே கோட்டை, கிளிப்பைக்கூடக் கழற்றாமல், நான் போட்டுக்கொண்டேன். "காது ரெண்டும் தெரியணும். பல்லக் காட்டப்பிடாது மக்கா, திருப்பி அனுப்பிருவான்" என்றார். நீ சும்மா இருப்பாயா? "அண்ணே, செத்தவங்களுக்கு எடுக்க மாதிரியில்லா எடுக்கீங்க" என்றாய். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன்.

ஆளுக்கொரு சின்ன வெள்ளைக் கவரில் படங்களைப் போட்டுத் தந்தார். கவரில் பெயர் எழுதவில்லை. சென்னைக்குப் போன ரயிலில் நம் இருவர் கோப்புகளையும் அடுக்கியவள் நான். நீ ஜன்னலோரம் உட்கார்ந்து, போய்ச் சேர்ந்து எடுக்கப்போகும் அறையில் யாருக்கு எந்தக் கட்டில் என்று பாகம் பிரித்துக்கொண்டிருந்தாய். விசா மையத்தில் உன் முறை வந்ததும் திரும்பி, "ஏட்டி, எல்லாம் சரியா வச்சியா?" என்று கேட்டாய். "வச்சாச்சு, போ" என்றேன். கவரைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. அங்கே இருந்த பெண் படத்தையும் நம்மையும் ஒருமுறை பார்த்துவிட்டு ஒட்டினாள். அவளைக் குறை சொல்லி என்ன செய்ய?

ஊர் திரும்பிய நான்காம் நாள் உனக்குக் காய்ச்சல். பதினோராம் நாள் நீ இல்லை. அதைப் பற்றி எனக்கு இவ்வளவுதான் எழுத வரும்.

அடக்கம் முடிந்த வாரம் பெரியம்மா உன் போனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். உன் குரல் அதில் இருக்கும், கேட்க வேண்டும் என்றாள். அதைத் திறக்கும் எண் யாருக்கும் தெரியவில்லை. நான் சும்மா கையில் வாங்கினேன். முகத்துக்கு நேரே பிடித்த நொடியில் திறந்துகொண்டது. என் அம்மா "ஏசுவே" என்று பின்னால் நகர்ந்தாள். பெரியம்மா அசையவில்லை. என்னையே பார்த்தபடி, "அதுக்குத் தெரியுது, பாத்தியா" என்றாள்.

அப்புறம் பாஸ்போர்ட்டுகள் வந்தன. பெரியம்மா துறைமுகத்தில் மீன் ஏலத்துக்குப் போய்விடுவதால் உன் வீடு பகலில் பூட்டியே கிடக்கும். அதனால் இருவருக்கும் என் வீட்டு முகவரியைத்தான் கொடுத்திருந்தோம். ஒரே நாளில், ஒரே ஆள் கையில், இரண்டு உறைகள். இருவருக்குமே விசா கிடைத்திருந்தது. என் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்த விசாவில், என் பெயருக்குப் பக்கத்தில் உன் முகம். உன்னுடையதில், உன் பெயருக்குப் பக்கத்தில் நான், சிரிக்காமல், காது இரண்டும் தெரிய. மண்ணுக்குள் போனது யார் என்று ஒரு நொடி எனக்கே குழம்பிப்போயிற்று.

பெரியம்மா வந்து இரண்டையும் வாங்கிப் பார்த்தாள். அழவில்லை. "கொள்ளாம். எம்பிள்ளைக்கும் குடுத்திட்டானுவ" என்றாள். இரண்டையும் மடியில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

வகுப்பு தொடங்க மூன்று வாரம்தான் இருந்தது. திருத்த வேண்டுமானால் பாஸ்போர்ட்டைச் சென்னையில் கொடுக்க வேண்டும். பழைய விசாவை ரத்து செய்துவிட்டுப் புதிதாக ஒட்டுவார்கள். அம்மா போய்க் கேட்டாள். "எம்மவ மொகத்துல முத்திர குத்தணுமா? தரமாட்டேன்" என்று பெரியம்மா சொல்லிவிட்டாள். பங்குச்சாமியார் போய்ச் சொல்லியும் பயனில்லை. அந்த வருடம் விட்டால் எனக்குப் படிப்பு இல்லை. அப்பா இன்னொரு வருடம் பொறுக்கமாட்டார், கல்யாணப் பேச்சு ஏற்கெனவே வீட்டுக்குள் வந்துவிட்டது. உன்னைப் பறிகொடுத்த துக்கத்துக்குள்ளேயே இந்தப் பதற்றமும் இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நானே கேட்கலாம் என்று துறைமுகத்துக்குப் போனேன். ஏலத்தின் நடுவே பெரியம்மா என் பாஸ்போர்ட்டைத் திறந்து எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். "எம்மவளுக்கு விசா வந்திட்டு." ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து யாரோ உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். ஏன் திரும்பினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஏலம் இல்லாத நாளில், நல்ல வெயில் நேரத்தில், உன் வீட்டுக்குப் போனேன். சென்னையிலிருந்து வந்த அன்று நீ எங்கள் வீட்டில் மாற்றிப்போட்டுவிட்டுப் போன பச்சைச் சுடிதாரைப் போட்டுக்கொண்டேன். உன்னைப் போலவே இடப்பக்கம் வகிடெடுத்தேன். யோசித்துத்தான் செய்தேன், பேய் பிடித்தது என்று சொல்லித் தப்பிக்கமாட்டேன். பெரியம்மா முற்றத்தில் உட்கார்ந்து வாளை மீனை அறுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கத்தி நின்றது.

"ஏட்டி, எப்பம் போற?"

"பாஸ்போர்ட்ட தாம்மா, போணும்."

பெரியம்மா என்று நான் சொல்லவில்லை. வந்த குரலும் என்னுடையது இல்லை. அந்தத் துடுக்கு, கடைசியில் இழுக்கும் அந்த ராகம், எத்தனையோ தடவை உன்னைக் கேலி செய்ய முயன்றும் எனக்கு வராதது, அன்று தானாக வந்தது. கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

அவள் கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டாள். உள்ளே போய் என் பாஸ்போர்ட்டை எடுத்துவந்து தந்தாள். "போய்ச் சேந்ததும் கூப்பிடணும், கேட்டியா? மறந்திரப்பிடாது" என்றாள். நீ வெளியூர் போகும்போதெல்லாம் உனக்குப் போடுவதுபோல் என் நெற்றியில் சிலுவை போட்டாள். விரலில் மீன் வாடை போகவில்லை.

சென்னையில் உன் முகத்தின் மேல் முத்திரை விழுந்தபோது நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். புது விசா பத்து நாளில் வந்தது. விமான நிலையத்தில் அதிகாரி பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர், ரத்தான விசாவில் நின்றார். "இது யாரு?" என்றார். "அக்கா" என்றேன். "அவங்க வரலையா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பக்கத்தில் முத்திரை குத்தினார். நான் உள்ளே நடந்தேன்.

இரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிகிற நேரம் பார்த்து அவளைக் கூப்பிடுகிறேன். உன் பெயரைச் சொல்லித்தான் பேசுகிறாள். நானும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறேன். சளி பிடித்தால் மருந்து சொல்கிறாள், குளிருக்கு இரண்டு சட்டை போடச் சொல்கிறாள். என்னைப் பெற்றவளுக்கு இது பிடிக்கவில்லை. "அவ பாஸ்போர்ட்டுல ஒம்மொகம் இருக்க பக்கத்தத் தொறந்து மாதா படத்துக்குக் கீழ வச்சிருக்கா. ஒம்மொகத்துக்கு முன்னால மெழுகுதிரி ஏத்துதா. உசிரோட இருக்கவளுக்கு இது நல்லதா?" என்று போனில் சண்டை பிடிப்பாள். விடும்மா, மனசு ஆறட்டும் என்று சிரித்து மழுப்பிவிடுவேன்.

பெரியம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்றே பல நாள் நினைக்கிறேன். தெரிந்தேதான் அன்று என்னை அனுப்பிவைத்தாள் என்றும் நினைத்துக்கொள்வேன். அப்படி நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது.

போன மாதம், இறந்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாள் முடிந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன். பெரியம்மா உடனே எடுத்தாள்.

"கல்லறைக்குப் போனேன் மக்கா. தோவாளப் பூவா வாங்கி நெறயப் போட்டேன். ஒந்தங்கச்சி பேருல பூசயும் வச்சேன். சாமியாரு அவ பேர வாசிக்கச்சில எனக்குத் தாங்கல."

உன் தங்கை என்றால் நான்தான். வேறு யாரும் கிடையாது. இறந்தவர்களின் நீளமான பட்டியலில் நம் கோவில் பீடத்திலிருந்து என் பெயரை வாசித்திருக்கிறார்கள். அம்மா காதில் விழவில்லை போலும். விழுந்திருந்தால் ஊர் இரண்டாகியிருக்கும்.

"என்னட்டி, பேச்சக் காணோம்?"

நான்தான் அது, நான் இருக்கிறேன் பெரியம்மா என்று சொல்லிவிடலாம். அவ்வளவுதான் வேலை. சொன்னால் அந்தக் கல்லறைக்குள் நீ வந்து படுத்துவிடுவாய்.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன். "அவ நல்ல பிள்ள."

"ஆமா மக்கா, பாவம்" என்று சொல்லி அவள் எனக்காக அழுதாள். அழுது முடிக்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உன் அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த வருடமும் என் பெயரை வாசிப்பார்கள். நீ எழுந்து பதில் சொல்.